ஆறு விநாடிக் கொட்டாவி

இரவு பதினொன்றரை மணி. சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனத்தைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. டீக்கடை ஓரம் நிற்கும் பேருந்திலிருந்து ஒருவர் இறங்கி, இரண்டு கைகளையும் தூக்கிச் சோம்பல் முறித்து, வாய் பிளந்து கொட்டாவி விடுகிறார். பக்கத்தில் டம்ளரோடு நிற்பவர் அதைப் பார்க்கிறார். அவர் வாயும் திறக்கிறது. அடுத்தது டீ ஆற்றிக்கொண்டிருப்பவரின் முறை. முன்பின் தெரியாத மூன்று பேருக்குள் ஒரு நிமிடத்தில் ஒரே அசைவு பரவிவிட்டது.

நம் வீடுகளில் கொட்டாவிக்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. தூக்கம் வருகிறது என்பார்கள். சோம்பேறித்தனம் என்பார்கள். பிள்ளை ஓயாமல் கொட்டாவி விட்டால் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். மருத்துவ அறிவியல் முன்வைக்கும் விளக்கம் இவை எல்லாவற்றையும் விட விந்தையானது. மூளை தன் நிலையைத் தானே சீர்செய்துகொள்ளும் முயற்சிகளில் ஒன்று கொட்டாவி. அது அளவு மீறும்போது, உள்ளே எங்கோ ஏதோ சரியில்லை என்று முன்கூட்டியே சொல்லும் அறிகுறியாகவும் அது ஆகிவிடுகிறது.

முதலில் ஒரே ஒரு கொட்டாவியை நிதானமாகப் பார்ப்போம். மொத்தம் ஆறு விநாடி. தாடை இறங்குகிறது, நாக்கு பின்வாங்குகிறது, தொண்டைக்குழி வழக்கத்தைவிடப் பல மடங்கு விரிகிறது. உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை, முழு பலத்தோடு கீழிறங்கக் காற்று உள்ளே பாய்கிறது. உச்சத்தில் ஒரு கணம் எல்லாம் நிற்கிறது. கண்கள் இறுக மூடுகின்றன. முகத்தசைகள் கண்ணீர்ச் சுரப்பியை அழுத்துவதால் கண்ணோரம் ஈரம் கசிகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்துகொள்ள, காதில் 'டப்' என்று ஒரு சத்தம். செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் குட்டித் தசையும் சுருங்குவதால் அந்த விநாடிகளில் எதிரே பேசுபவரின் குரல்கூட மங்கிக் கேட்கிறது. பிறகு மூச்சு மெல்ல வெளியேறுகிறது. முகம் பழைய நிலைக்கு வருகிறது. இத்தனை தசைகளும் இதே வரிசையில் இயங்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

நடுவில் நிறுத்தவும் முடியாது. வேண்டுமானால் செய்து பாருங்கள். அடுத்த கொட்டாவி கிளம்பும்போது பற்களை இறுகக் கடித்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக எவ்வளவு காற்றை இழுத்தாலும் கொட்டாவி பாதியில் மாட்டிக்கொண்டதுபோல ஒரு தவிப்பு மிஞ்சும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் புரொவைன் தம் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். மூச்சை இழுப்பது மட்டும் போதாது, தாடை முழுக்க விரிந்தால்தான் கொட்டாவி நிறைவுபெறும் என்று அதிலிருந்து தெரிந்தது.

பிறந்த பிறகு பழகிய பழக்கமும் இல்லை இது. கருவில் பன்னிரண்டு வாரத்தை ஒட்டியே சிசு கொட்டாவி விடுவதை ஸ்கேன் படங்களில் பார்க்க முடிகிறது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் நாட்யா ரைஸ்லண்ட் குழுவினர் 15 கருக்களின் அசையும் ஸ்கேன் படங்களை 24-ஆவது வாரத்திலிருந்து 36-ஆவது வாரம் வரை தொடர்ந்து பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா வாய் திறப்பதும் கொட்டாவியும் வேறு வேறு என்று அவர்களால் பிரித்துக் காட்ட முடிந்தது. கருப்பை முழுக்க நீர். சுவாசிக்கக் காற்றே இல்லை. தூங்கி எழுந்து வேலைக்குப் போகும் அவசரமும் அந்தச் சிசுவுக்குக் கிடையாது. ஆனாலும் கொட்டாவி விடுகிறது. வளரும் மூளை தன் இணைப்புகளை ஓட்டிப் பார்க்கும் வெள்ளோட்டமாக அது இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

காற்றே இல்லாத இடத்திலும் கொட்டாவி வருகிறதென்றால், பள்ளியில் படித்த பாடம் என்ன ஆவது? ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடும்போது கொட்டாவி வருகிறது என்றுதான் நாம் படித்தோம். புரொவைன் 1987-இல் இதையும் நேரடியாகச் சோதித்தார். மாணவர்களுக்குச் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்தார். கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயு 3 முதல் 5 சதவீதம் வரை கலந்த காற்றைக் கொடுத்தார். மூச்சு வேகமானது, கொட்டாவி கூடவில்லை. ஓடவிட்டு மூச்சிரைக்க வைத்தும் பலனில்லை. பல தலைமுறையாக நம்பிய விளக்கம் அந்த ஆய்வோடு சரிந்தது.

அதன் இடத்தில் வந்து நின்றது ஒரு புதிய கருத்து: கொட்டாவி மூளையைக் குளிர்விக்கிறது. உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆற்றலிலோ அது 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு ஆற்றல் எரியும் இடத்தில் சூடும் இருக்கும். லாரி என்ஜினின் சூட்டைத் தண்ணீர் சுமந்துவந்து ரேடியேட்டரில் இறக்குவதுபோல, மூளையின் சூட்டை ரத்தம் வெளியே கொண்டுவருகிறது. தாடை அகல விரியும்போது முகத்திலும் மண்டையிலும் ரத்த ஓட்டம் கூடுகிறது. உள்ளே பாயும் காற்று வாய், மூக்கு, தொண்டையின் ஈரச் சவ்வுகளைக் குளிர்விக்கிறது. ஆண்ட்ரூ கேலப் என்ற ஆய்வாளர் 2007-இல் இதைச் சோதித்த விதம் மிக எளிமையானது. பிறர் கொட்டாவி விடும் படத்தைப் பார்ப்பவர்களின் நெற்றியில் வெதுவெதுப்பான ஒத்தடப் பையை வைத்தபோது 41 சதவீதம் பேர் கொட்டாவி விட்டார்கள். குளிர்ந்த பையை வைத்தபோது 9 சதவீதம் பேர் மட்டுமே விட்டார்கள். பிற்பாடு எலிகளின் மூளைக்குள் நுண்ணிய வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். கொட்டாவிக்கு முன் சூடு ஏறியிருந்தது. விட்ட பின் இறங்கியது. இந்தக் கருத்தை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் இதுவரை வந்த விளக்கங்களில் சோதனைகளில் ஓரளவு தாக்குப்பிடித்து நிற்பது இதுதான்.

இந்தக் கருத்திலிருந்து நம் ஊருக்குப் பொருந்தும் ஒரு முடிவும் கிடைக்கிறது. வெளிக்காற்றே உடல் சூட்டின் அளவுக்கு, அதாவது 37 டிகிரிக்கு ஏறிவிட்டால், அதை இழுத்துக் குளிர்ச்சி பெற முடியாது. அப்போது கொட்டாவி குறைய வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன நகரமான டூசானில் தெருவில் போகிறவர்களிடம் கொட்டாவிப் படங்களைக் காட்டினார்கள். 22 டிகிரி குளிர்காலத்தில் 45 சதவீதம் பேர் கொட்டாவி விட்டார்கள். 37 டிகிரிக் கோடையில் 24 சதவீதம் பேர். வியன்னாவில் கதை தலைகீழ்: உறையும் குளிர்காலத்தில் குறைவு, இதமான கோடையில் அதிகம். விழுப்புரம் மாவட்டத்தில் கத்திரி வெயில் 37 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இந்தக் கணக்கின்படி, மே மாத நண்பகலில் வருவதைவிட மார்கழி விடியலில்தான் நமக்குக் கொட்டாவி கூடுதலாக வர வேண்டும்.

மற்ற பிராணிகளிடமும் இந்த விந்தை தொடர்கிறது. நாய், பூனை, சிங்கம், யானை எல்லாம் கொட்டாவி விடுகின்றன. சுண்டெலியின் கொட்டாவி ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. உடல் பெரிதானால் கொட்டாவியும் நீளும் என்று தோன்றும். அப்படி இல்லை. கொரில்லா, குதிரை, ஒட்டகம், ஆப்பிரிக்க யானை இவற்றின் கொட்டாவி நம்முடையதைவிடக் குறுகியது. கொட்டாவியின் நீளம் மூளையின் எடையையும், அதன் மேற்புறணியில் உள்ள நரம்பணுக்களின் எண்ணிக்கையையும் ஒட்டிப் போகிறது என்று கேலப் குழுவினர் 2016-இல் காட்டினார்கள். ஒரு பிராணியின் கொட்டாவிக்குக் கடிகாரம் பிடித்தால் அதன் மூளையைப் பற்றியே ஓரளவு ஊகித்துவிடலாம்.

இதை இயக்கும் விசை எங்கே இருக்கிறது? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. பசி, தாகம், தூக்கம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் கவனிப்பது அதுதான். டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருள் அங்கே ஒரு குறிப்பிட்ட நரம்பணுக் கூட்டத்தைத் தூண்டுகிறது. அவை ஆக்ஸிடோசின் என்ற வேறொரு பொருளை விடுவிக்கின்றன. கட்டளை அங்கிருந்து மூளைத்தண்டுக்கு இறங்குகிறது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் அந்தத் தண்டுதான் மூச்சையும் தாடையையும் ஒருங்கே அசைக்கிறது. செரோட்டோனின் போன்ற வேறு வேதிப்பொருட்களும் இந்தப் பாதையில் தலையிடுகின்றன.

இந்தப் பாதை நம் விருப்பத்தின் பாதையிலிருந்து தனியாகப் போகிறது என்பதற்கு மருத்துவமனைகளில் சான்று கிடைக்கிறது. பக்கவாதத்தில் ஒரு கை முழுக்கச் செயலிழந்த சிலர் கொட்டாவி விடும்போது, அந்தக் கை தானாக மேலே எழும்புகிறது! கொட்டாவி முடிந்ததும் பழையபடி விழுந்துவிடுகிறது. குடும்பத்தார் கை குணமாகிவிட்டது என்று பூரித்துப்போவதுண்டு. கையை அசைக்கச் சொல்லும் விருப்பப் பாதை அறுந்தபோதும், மூளைத்தண்டின் தொன்மையான பாதை வேலை செய்வதே காரணம். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்க முடியாத முழு முடக்க நோயாளிகளும், கொட்டாவி வந்தால் வாயை அகலத் திறக்கிறார்கள்.

திண்டிவனம் டீக்கடையில் பரவியதே, அது ஏன்? தானாக வரும் கொட்டாவி கருவிலேயே தொடங்கிவிடுகிறது. பிறரைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும் கொட்டாவியோ நாலைந்து வயதுக்குப் பிறகுதான் வருகிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011-இல் இன்னொன்றைக் கண்டார்கள். அந்நியரைவிட நண்பரிடமிருந்தும், நண்பரைவிட உறவினரிடமிருந்தும் கொட்டாவி சுலபமாகத் தொற்றுகிறது. லண்டனில் நடந்த ஒரு சோதனையில் 29 நாய்களில் 21 நாய்கள் மனிதரைப் பார்த்துக் கொட்டாவி விட்டன. கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே சிலருக்கு வந்துவிடும். இதுவரை வாசித்ததில் உங்களுக்கும் ஒன்றிரண்டு வந்திருக்கலாம்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். எத்தனை கொட்டாவி விட்டால் அதிகம்? பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் 15 நிமிடத்தில் மூன்றோ அதற்கு மேலோ என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு எண்ணிக்கையைவிட முக்கியம் மாற்றம்: வழக்கத்துக்கு மாறாக, காரணமில்லாமல், நாள்கணக்கில் தொடர்கிறதா என்பது. காரணங்களின் பட்டியலில் முதலிடம் தூக்கக் குறைவுக்குத்தான். அது எவ்வளவு ஆபத்தானது என்பதை ஜி.எஸ்.டி. சாலையை வைத்தே கணக்குப் போடலாம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் அளந்து சொன்னது இது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருக்கு இருக்கும் அளவுக்குச் சரிந்துவிடுகின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, அலுவலகம் போய்வந்து, சாப்பிட்டு, இரவு எட்டரை மணிக்குச் சென்னையில் காரைக் கிளப்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாவது மணி நேரம் அவருக்கு முடிவது இரவு பதினொரு மணிக்கு, ஏறக்குறைய திண்டிவனத்தில். ஒரு சொட்டு மதுவும் தொடாதவர், விழுப்புரம் போய்ச் சேரும்போது குடித்தவருக்கு நிகராக ஓட்டிக்கொண்டிருக்கிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஒரு கொட்டாவி முடிவதற்குள் 130 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது, அதில் சில விநாடிகள் கண்மூடி. அவர் விடும் கொட்டாவி மூளை கொடுக்கும் முதல் எச்சரிக்கை; கேட்காவிட்டால் அடுத்து வருவது தாமே அறியாத சில விநாடித் தூக்கம்.

எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் பகலெல்லாம் கொட்டாவி விடுகிறவர்களின் கதை வேறு. அவர்களில் பலருக்கு உறக்க மூச்சுத்தடை, அதாவது மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்று சொல்லும் கோளாறு இருக்கும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை திடுக்கிட்டு விழித்துத் தொண்டையைத் திறக்கிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நடந்தால் தீவிர நிலை. எட்டு மணி நேர இரவில் அது 240 முறை! ஒன்றுகூடக் காலையில் நினைவில் இருக்காது. சென்னையில் 358 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் 40 சதவீதம் பேருக்குக் குறட்டையும், 59 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கக் கலக்கமும் இருந்தன. இந்தியாவில் வயதுவந்தோரில் 11 சதவீதம் பேருக்கு இந்த மூச்சுத்தடை இருக்கும் என்று தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-இல் கணித்தார்கள். இதற்கான சிகிச்சை பிறந்த விதமும் அழகானது. 1980-களின் தொடக்கத்தில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைத் திருப்பி, காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் மூக்குக்குள் மெல்லச் செலுத்த வைத்தார். அந்தக் காற்றின் அழுத்தம் தொண்டையைத் திறந்தே வைத்தது. இன்று உலகமெங்கும் படுக்கையருகே இருக்கும் 'சிபாப்' கருவிகளுக்கு அதுவே முன்னோடி.

சிலருக்குத் தூக்கம் துளியும் வராமல் கொட்டாவி மட்டும் வரிசையாக வரும். மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளூயாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகள் செரோட்டோனினின் அளவை மாற்றுவதால் இப்படி நேரலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தருவார். அபின் வகைப் போதைப் பொருளை விட்ட ஒருவரின் தவிப்பை மருத்துவர்கள் மதிப்பெண் போட்டு அளக்கும்போது, பார்க்கும் பதினொரு அறிகுறிகளில் ஒன்று கொட்டாவி.

மயக்கத்துக்கு முன்னாலும் கொட்டாவி வரும். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயத்துக்கும் குடலுக்கும் போகும் நீண்ட நரம்புக்கு வேகஸ் என்று பெயர். வெயிலில் நெடுநேரம் நிற்பது, நீர்ச்சத்து குறைவது, ரத்தத்தைக் கண்டு பதறுவது போன்றவற்றால் அது மிகையாகத் தூண்டப்பட்டால், இதயத்துடிப்பு குறைந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. மரக்காணம் உப்பளத்திலோ கரும்புத் தோட்டத்திலோ வேலை செய்யும் ஒருவர் முகம் வெளுத்து, வியர்த்து, அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டால், சோம்பல் என்று நினைக்காதீர்கள். உடனே நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். தெளிந்ததும் தண்ணீர் கொடுங்கள். பலரும் விழாமலே தப்பிவிடுவார்கள்.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலருக்கு வலி தொடங்கச் சில மணி நேரம் முன்பே கொட்டாவி வரத் தொடங்கும்; டோபமைன் பாதையில் ஏற்படும் சலனம் காரணம் என்கிறார்கள். நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடல் சூட்டுக் கட்டுப்பாடு குலைவதாலும் கொட்டாவி பெருகும். மூளைத்தண்டிலோ அதன் அருகிலோ ரத்த ஓட்டம் தடைபடும் பக்கவாதத்திலும், அரிதாக மாரடைப்பு, பெருந்தமனிக் கிழிசல் ஆகியவற்றிலும் அது வரக்கூடும். இந்த அவசர நிலைகளில் கொட்டாவி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் 108-ஐ அழைக்க ஒரு நிமிடமும் தயங்கக் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான அவகாசம் நாலரை மணி நேரம்தான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே அதே ஜி.எஸ்.டி. சாலையில், முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அவசரமில்லாத நிலையில், வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-இல் எட்டே கேள்விகளில் ஓர் அளவுகோல் அமைத்தார். எப்வொர்த் அளவுகோல் என்று பெயர். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் பயணியாகப் போகும்போது என்று எட்டு வேளைகளில் கண்ணசர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போவதை நினைத்துக்கொண்டால் பயணக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மொத்தம் 24-க்கு 10-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சிறிது நேரத்துக்குமேல் உதவுவதில்லை என்று இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டீயிலும் காபியிலும் உள்ள காஃபீன் வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும். திண்டிவனத்தில் குடித்துவிட்டு உடனே கிளம்பினால், அது வேலையைத் தொடங்கும்போது நீங்கள் விழுப்புரத்தை நெருங்கியிருப்பீர்கள். நடுவில் உள்ள அத்தனை கிலோமீட்டரும் தூக்கக் கலக்கத்தில்தான். அதே ஆய்வாளர்கள் கண்ட நல்ல வழி, காபியைக் குடித்துவிட்டு வண்டிக்குள்ளேயே 15 நிமிடம் கண்ணயர்வது. எழுந்த சிறிது நேரத்தில் அந்தத் தூக்கமும் காஃபீனும் சேர்ந்து கைகொடுக்கும். கொட்டாவி ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கினால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். ஊருக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போவதால் யாருக்கும் நஷ்டமில்லை.